வேம்பின் காலடி

ஜார்ஜ்டவுன், பினாங்கு
சித்திரை பிறந்த வாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சுகம். இரண்டு மாத வெயிலுக்குப் பிறகு போன வாரம் நல்ல மழை பிடித்தது. அது விட்ட சில நாளில் சாலையோர அங்சானா மரங்கள் ஒன்றுக்கொன்று சொல்லி வைத்ததுபோல் ஒரே காலையில் பூத்துவிட்டன. நம் வேங்கைக்கு நெருங்கிய சொந்தம் அந்த மரம். மொட்டுகளைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும். வறட்சிக்குப் பின் வரும் மழைதான் அவற்றைத் திறக்கும். மறுநாள் விடியும்போது பூவெல்லாம் தார் ரோட்டில் மஞ்சளாய்க் கிடக்கும்.

இனி உன் கோலாலம்பூர்க் கோயில் விஷயம். கும்பாபிஷேகத்துக்கு முன் வேப்ப மரத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மண் நிரப்பி, மேலே கருங்கல் பதித்து மேடை கட்டப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உச்சியில் இரண்டு கிளை காய்ந்திருக்கிறது, இலை சிறுத்துவிட்டது, மரத்துக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நண்பா, அந்த மரத்துக்கு வயதாகவில்லை. நல்ல மண்ணில் நிற்கும் வேம்பு நூறு வருஷத்தைச் சாதாரணமாகத் தாண்டும். பத்து வருஷத்துக்கு முன் அதன் அடிவரைக்கும் போட்ட சிமெண்டுத் தரைதான் இப்போது உச்சியில் தெரிகிறது. அதன்மேல் மேடையும் கட்டினால் மரம் அடுத்த கும்பாபிஷேகத்தைப் பார்க்காது. இதைக் கூட்டத்தில் சொல்ல உனக்குக் காரணங்கள் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

மரத்துக்கு ஆணிவேர் கிணறு மாதிரி ஆழத்துக்குப் போகிறது, மேலே என்ன போட்டாலும் அதற்கு ஒன்றுமில்லை என்று பலர் நம்புகிறார்கள். வளர்ந்த மரத்தில் நீரும் சத்தும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், முப்பதிலிருந்து அறுபது சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அவை கிளை விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். அந்த வேர்கள் மூச்சு விடுகின்றன. மண்ணிடுக்கில் இருக்கும் காற்றிலிருந்துதான் அவற்றுக்குப் பிராணவாயு. மேலே சிமெண்டு போட்டு மூடினால் காற்று இறங்காது, மழைநீர் லோங்காங்குக்கு (சாக்கடைக் கால்வாய்க்கு) ஓடிவிடும், மண் சூடேறும். சிமெண்டின் சுண்ணாம்பு வேறு மண்ணில் இறங்கி அதைக் காரமாக்கும். அப்போது இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. புதுத் தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சளாக வரும். உன் மரத்தின் தளிரைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேர் செத்த கணக்கு இலையில் தெரிய மூன்று, ஐந்து, சில சமயம் பத்து வருஷம்கூட ஆகும். அவ்வளவு தாமதமாக வருவதால்தான் யாரும் தரையைச் சந்தேகிப்பதில்லை. வயது என்கிறார்கள், திருஷ்டி என்கிறார்கள்.

மண் நிரப்பிய மேடை இதைவிட மோசம். அடிமரத்தின் பட்டை காற்றில் இருப்பதற்கு என்று ஏற்பட்டது. ஈர மண்ணில் புதைந்தால் ஊறி அழுகும். பழைய வேர்கள் இன்னும் ஆழத்தில் புதையும். மரம் பிழைக்கப் பார்த்துப் புது மண்ணுக்குள் புது வேர் விடும். சுவரைத் தாண்ட முடியாமல் அந்த வேர் வட்டமாகச் சுற்றி வந்து, பருத்து, தன் அடிமரத்தையே நெரிக்கும். வேம்பு இயல்பாகவே வறண்ட நிலத்து மரம். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற கோலாலம்பூரில் அது நிற்பதே பெரிய பொறுமை. அதன் காலைச் சுற்றித் தொட்டி கட்டி நீர் தேக்குவது அதற்குச் செய்யக்கூடாத ஒன்று.

மரத்தின் உயிர் இருக்கிற இன்னொரு இடம் பட்டைக்கு அடியில். இதைத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. உன் கமிட்டியில் வயதான தோட்டத்து ஆட்கள் இருப்பார்களே, அவர்களிடம் இதை எடுத்துப் பேசு, உடனே பிடிபடும். ரப்பர் மரத்தில் பால் குழாய்கள் உள்பட்டையில், கட்டைக்கு மிக அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அவை நேராக ஏறாமல் இலேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும், ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவில். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒருமுறைக்குச் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. கட்டைக்கும் கத்திக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் விட வேண்டும். ஆழமாய்ப் போகப் போகப் பால் கூடும் என்பதால் கை இன்னும் அழுத்தத்தான் பார்க்கும். அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக மீளாது, முண்டு கட்டும், அடுத்த முறை அங்கே கத்தி ஓடாது. அந்த மில்லிமீட்டருக்குள் இருப்பதுதான் மரத்தை வளர்க்கிற படலம்: உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்குவது. இலை சமைத்த உணவு அதற்கு வெளியே இருக்கும் உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. விடிகாலை இருட்டில் நெற்றி விளக்கோடு அந்த அளவைக் கையிலேயே வைத்திருந்தவர்கள் நம் மக்கள். கோயில் மரத்துக்கும் அதே பட்டைதான்.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில் அடிமரத்தைப் பார். நல்ல மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக் கால் மாதிரி விரியும், வேர்கள் புறப்படும் தோள்கள் தெரியும். உன் மரம் விளக்குக் கம்பம் மாதிரி நேராகத் தரைக்குள் இறங்கினால் அடி புதைந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, நெஞ்சு உயரத்தில், 1.3 மீட்டரில், சுற்றளவை அளந்துகொள். 160 சென்டிமீட்டர் என்றால் விட்டம் சுமார் 51. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆறு மீட்டர். மரத்தைச் சுற்றி அந்த ஆறு மீட்டர் ஆரம் அதன் வீடு. கோயிலுக்குள் அவ்வளவு இடம் விட முடியாது, தெரியும். இரண்டு மீட்டர் ஆரமாவது முழுக்கத் திறந்த மண்ணாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதே. மிச்சத்தில் நீரும் காற்றும் இறங்குகிற தரை போடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிமெண்டை எடுப்பதில்தான் ஆத்திரப்பட்டுக் கெடுத்துவிடுவார்கள். பிரேக்கர் மெஷினை அடிமரத்துக்குப் பக்கத்தில் விடவே கூடாது. தரைக்கு நேர் கீழேயே வேர் ஒட்டிக்கொண்டிருக்கும், அடி அதில் இறங்கும். கான்கிரீட் வெட்டுகிற ரம்பத்தால் ஒன்றரையடிச் சதுரங்களாகக் கீறி, கடப்பாரையால் விளிம்பை நெம்பி, ஒவ்வொரு துண்டாகத் தூக்க வேண்டும். ரம்பம் தரையின் கனத்துக்கு மேல் ஆழம் போகாதபடி முதலில் ஓர் ஓரத்தில் உடைத்துக் கனத்தை அளந்துகொள். முழுவதையும் ஒரே வாரத்தில் எடுக்காதே. பத்து வருஷமாக இருட்டில் இருந்த வேர் வெயிலில் ஒரு பகலிலேயே காய்ந்துவிடும். ஒரு பாதியை இப்போது, மறு பாதியை ஆறு மாதம் கழித்து. துண்டு தூக்கிய உடனே நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்து, சாயங்காலத்துக்குள் காய்ந்த இலையால் மூடாக்குப் போட்டுவிடு. கோலாலம்பூரில் ஏப்ரலும் நவம்பரும்தான் பெருமழை மாதங்கள், ஆகவே இப்போது ஒரு பாதி, அக்டோபரில் மறு பாதி என்றால் மழையே பாதி வேலையைச் செய்துவிடும்.

அடியில் சேர்ந்திருக்கும் மண்ணை எடுக்க மண்வெட்டி வேண்டாம், பாராங் கத்தியும் வேண்டாம். கையும், மழுங்கிய மரக்குச்சியும், ரப்பர் குழாய்த் தண்ணீரும் போதும். மரத்தின் தோள் தெரிகிற வரை எடு, அதற்குக் கீழே போகாதே. அடிமரத்தைச் சுற்றி நெரிக்கிற வேர் தெரிந்தால், விரல் பருமனுக்கு இருப்பதை உளியால் துண்டித்துவிடலாம். மணிக்கட்டளவு பருத்ததை நீயாக வெட்டாதே. அது அந்தப் பக்கத்தில் மரத்தையே தாங்கிக்கொண்டிருக்கும். அதற்கு அர்போரிஸ்ட் (மரப் பராமரிப்பு வல்லுநர்) ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மண் பாறையாக இறுகியிருக்கும். அதைக் கொத்தி விட்டால் வேரும் சேர்ந்து போகும். அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஆரம்பித்து, இரண்டடிக்கு ஒன்றாக, இரண்டு அங்குல அகலமும் ஒன்றேகால் அடி ஆழமுமாகத் துளை போடு; வேர் தட்டினால் துளையை நகர்த்து. பாதி மட்கிய உரம், பாதி பருமணல் கலந்து நிரப்பு. இதன் பலன் மெதுவாகத்தான் வரும், ஒரு வருஷத்தில் எதிர்பார்க்காதே. அதைவிட மேலே போடும் மூடாக்குத்தான் பெரிய மருந்து: காய்ந்த இலை, அரைத்த கிளைத் துண்டு, மூன்று அங்குலக் கனம். அது மட்கும்போது மண்புழு வரும், புழு துளைத்த வழியில் காற்று இறங்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது; ஒரு சாண் இடைவெளி விட்டு வளையமாகப் போடு. கோயில் கூட்டுகிறவர்களிடம் அந்த இலை குப்பை இல்லை என்று சொல்லி வை, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை விளக்குமாற்றில் போய்விடும்.

வலம் வரும் பாதைக்கு ஒரு வழி உண்டு. திறந்த வட்டத்துக்கு வெளியே தோண்டாமல், இருக்கிற மண்மேலேயே வடிகட்டித் துணி விரித்து, நான்கு அங்குலம் வெறும் ஜல்லி (பொடி கலக்காதது) போட்டு, அதன்மேல் கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, இடுக்கில் சின்னச் சரளை நிரப்புங்கள். மண் நிரப்பக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டு இங்கே ஜல்லி போடச் சொல்கிறேனே என்று கேட்பாய். மண் காற்றை அடைக்கும், பொடியில்லாத ஜல்லி அடைக்காது, வித்தியாசம் அதுதான். கருங்கல் ஆசையும் இதில் நிறைவேறும்.

அடுத்தது கொஞ்சம் பக்குவமாகப் பேச வேண்டிய விஷயம். பக்தியில் செய்வதும் மரத்துக்கு வலிக்கிறது. மஞ்சள் நூலும் பருத்தித் துணியும் தானாக இற்றுவிடும், தளர்வாகக் கட்டினால் கெடுதல் இல்லை. நைலான் கயிறும், தொட்டில் தொங்கவிடுகிற கம்பியும் அப்படியில்லை. மரம் வருஷா வருஷம் பருக்கிறது, கம்பி பருக்காது. நான் சொன்ன அந்த உள்பட்டையைக் கம்பி நாலாபக்கமும் அமுக்கினால் உணவு கீழே இறங்காது. கட்டுக்கு மேலே வீங்கி, கீழே வேர் பட்டினி கிடக்கும். தொட்டில் கட்டுவதற்கென்று பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டம் நட்டுவிடுங்கள். சூடமும் விளக்கும் அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளி இருக்கட்டும், கீழே மணல் தட்டு வைத்து. பட்டைக்கு அடியில் இருக்கும் அந்தப் படலம் அறுபது பாகைச் சூட்டில் செத்துப்போகும், வெளியே கரி படிந்ததுகூடத் தெரியாது. அடுத்த வருஷம் அந்தப் பக்கம் பட்டை உரிந்து விழும்போதுதான் தெரியும். விளக்கின் எண்ணெய் சிந்திச் சிந்தி மண்ணில் ஊறினால் அந்த மண் தண்ணீரை ஏற்காது, மழை பெய்தாலும் உருண்டு ஓடும். பால் ஊற்றுவதை மரத்தடிச் சிலைக்கு மாற்றிவிடுங்கள். நீர் போகக் குழாய் வைத்து வெளியே விடுங்கள். ஆத்தாளின் மரம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சொல்கிறவர் எரிச்சலில்லாமல் சொன்னால் போதும்.

காய்ந்த இரண்டு கிளையை எடுக்க வேண்டியதுதான், கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறதே. ஆனால் எப்படி எடுப்பது என்பதில் இருக்கிறது. மூன்று வெட்டு. கிளை பிறக்கும் இடத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறு. பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறு. கிளை விழும்போது பட்டையை அடிமரம் வரை கிழித்துக்கொண்டு போகாமல் முதல் வெட்டு நிறுத்திவிடும். மிச்சமுள்ள குட்டையைக் கடைசியாக எடு. கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு மடிப்பு தெரியும், வெட்டு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். மரத்தோடு மட்டமாக அறுத்தால் அந்த மடிப்பும் போய்விடும். நீளமாகக் குட்டை விட்டால் அது அழுகி உள்ளே வழி காட்டும். காயத்தில் தார், பெயிண்டு எதுவும் பூசாதே. மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, உள்ளே சுவரெழுப்பிக் கெட்டதை ஒதுக்கி, மேலே புதுக் கட்டையால் மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்துக் கண்டது இது, 1970களில் எழுதினார். பூச்சு ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துப் பூஞ்சைக்குத்தான் உதவும். 'எதற்கும் உச்சியை மொட்டையடித்துவிடலாம்' என்று குத்தகையாளர் சொன்னால் அன்றே அனுப்பிவிடு. மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் ஆழத்தில் பிடிப்பில்லாதவை, சில வருஷத்தில் அவைதான் காற்றில் முறிந்து விழும். பச்சைக் கிளையில் வருஷத்துக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் எந்த மரத்திலும் எடுக்கக் கூடாது. உன் மரம் மெலிந்திருப்பதால் பச்சையை இப்போது தொடவே வேண்டாம்.

அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் ஏதும் இருக்கிறதா என்று சுற்றிப் பார். மரச் சுத்தியலால் தட்டிக் கேள், பறை மாதிரி ஒலித்தால் உள்ளே பொந்து. பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு கெட்டிச் சுவர் சுற்றிலும் இருந்தால் பொதுவாகத் தாங்கும்; ஐம்பது சென்டிமீட்டர் விட்டத்துக்கு எட்டரைக்குக் குறையக் கூடாது. அடியில் காளான் இருந்தால் கணக்கு வேறு, வேரே அழுகியிருக்கலாம். தாமதிக்காமல் ஆளைக் கூப்பிடு.

பக்கத்திலேயே ஓர் அரசங்கன்றும் நட்டு வேம்புக்குக் கல்யாணம் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். ஒரே குழியில் வேண்டாம். அரசு மற்ற மரத்தின்மேல் தொற்றி வேர் விட்டு வளரும் சாதி. முப்பது நாற்பது வருஷத்தில் வேம்பைத் தன் வேருக்குள் வாங்கிவிடும். இரண்டாவது மரம் வேண்டுமானால் உன் ஈர மண்ணுக்கு ஏற்றதாக நடு. மலாய்க்காரர்கள் புங்கா தஞ்சோங் என்பது நம் மகிழம்பூ தானே. மெதுவாக வளரும், அடர்ந்த நிழல், பூ காய்ந்தும் மணம் போகாது. எங்கள் தீவில் புன்னைக்குப் பெனாகா என்று பெயர். இந்த நகரம் எழுந்த முனைக்கே முதலில் தஞ்சோங் பெனாகா என்றுதான் பெயர். பாக்கு மரத்தால் பினாங்கு, அதே பெயருள்ள மரங்களால் ஜெலுத்தோங், குளுகோர், அத்தி இனத்தால் சுங்கை ஆரா, நிபோங் பனையால் சுங்கை நிபோங். மரத்தைத் தங்கை என்று சொல்லி வளர்த்த தமிழுக்கு இந்த ஊர் அந்நியமாக இருக்க முடியாது. தண்ணீர்மலைப் பக்கம் தாவரத் தோட்டத்து நாகலிங்க மரங்களை அடுத்த தைப்பூசத்துக்கு வரும்போது பார்க்கலாம். பூ கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே நீண்ட காம்பில் வரும், தலைப்பருமனுக்குக் காய் தொங்கும். அதனால் அதை நடைபாதை ஓரம் நடுவது தவறு. காய் விழுந்தால் தலை தப்பாது.

கன்று நடும்போது குழி, வேர்க்கட்டியின் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு இருக்கட்டும், ஆழம் மட்டும் கட்டியின் அளவே. பிளாஸ்டிக் பையில் வட்டமாகச் சுற்றிய வேரை நாலு இடத்தில் கீறிப் பிரித்து விடு. தோள் தரைக்கு இரண்டு விரற்கடை மேலே தெரிய வேண்டும். களிமண்ணாக இருந்தால் குழிக்குப் பதில் ஓரடி மண்மேடு கட்டி அதில் நடு. வேப்ப விதைதான் வேண்டும் என்றால் பழுத்து விழுந்த இரண்டு வாரத்துக்குள் சதையைக் கழுவி விதைத்துவிடு, பிறகு முளைப்புத் திறன் போய்விடும். புன்னைக்கு ஓட்டை உடைத்து உள்பருப்பை நட்டால் பாதி நாளில் முளைக்கும்.

கடைசியாக ஒன்று. யாராவது மரத்தையே எடுத்துவிடலாம் என்று சொன்னால், அது கமிட்டி மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை. பினாங்கில் 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டப்படி 0.8 மீட்டர் சுற்றளவைத் தாண்டிய மரத்தை வெட்ட எழுத்துமூல அனுமதி வேண்டும். கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம், ஆகவே மாநகர் மன்றத்தில் கேட்டுவிட்டுப் பேசச் சொல்.

கூட்டத்துக்கு முன் சுற்றளவும், அடிமரத்தின் நான்கு பக்கப் படமும், ஒரு தளிரின் படமும் அனுப்பி வை. தளிரைக் காலை வெளிச்சத்தில் எடு, நரம்பு தெரிகிற மாதிரி. தரையின் கனத்தையும் எழுது. ரம்பத்துக்கு எவ்வளவு ஆழம் வைக்கச் சொல்ல வேண்டும் என்று பார்த்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்